சொல்லிக் கொடுத்த பேச்சு



சேரியிலிருந்து ஒருத்தன் கூலியைக் கூட்டிக் கேட்டால், டீக்கடையில் எனக்கு மட்டும் ஏன் தனிக் கிளாஸ் என்று கேட்டால், பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பொதுப்பாதையைக் கேட்டால், ஊர் உடனே ஒரு வார்த்தை சொல்லும்: "இது இவனாப் பேசுற பேச்சில்ல. எவனோ சொல்லிக் குடுத்துப் பேசுறான்." சொல்லிக் கொடுத்தவன் யார் என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறும். முதலில் கம்யூனிஸ்ட், அப்புறம் பாதிரியார், அப்புறம் நக்சலைட், இன்றைக்கு வெளியூர் இயக்கக்காரன். சேரிக்காரனுக்கு வாய் உண்டு, அந்த வாயில் சொந்தமாக ஒரு சொல் பிறக்காது என்பது ஊரின் நம்பிக்கை. இந்த நம்பிக்கை இருக்கும்வரை நாம் கேட்கும் எதற்கும் ஊர் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'தூண்டிவிட்டவனைப் பிடி' என்று காவல்துறையிடம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம்.

இதே வார்த்தை நீதிமன்றத்திலும் புழங்குகிறது. அங்கே அது குழந்தைகளுக்கானது. எட்டு வயசுப் பிள்ளை கூண்டில் ஏறி 'நான் பாத்தேன்' என்று சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து 'சொல்லிக் கொடுக்கப்பட்ட சாட்சி' என்பார். பிள்ளை பார்த்ததும் பயந்ததும் அழுததும் அந்த ஒரு வார்த்தைக்குள் காணாமல் போய்விடும்.

இரண்டும் ஒரே வார்த்தையாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மை ஊர் எப்போதும் குழந்தையாகத்தானே வைத்திருக்கிறது? அறுபது வயசுக் கிழவரை ஊர்த்தெருப் பொடியன் பேர் சொல்லி, வாடா போடா என்று கூப்பிட்ட மண் இது. நம் பெரியவர்களே குழந்தைகள் என்றால் நம் குழந்தைகள் யார்? இரண்டு மடங்கு குழந்தைகள். அவர்கள் சொல்லுக்கு இரண்டு பூட்டு. வன்கொடுமை வழக்குகளில் வேலை செய்யும் தோழர்களும் சட்டம் படிக்கும் மாணவர்களும் இந்த இதழைப் படிக்கிறீர்கள். அதனால் இந்த முறை இந்த இரண்டு பூட்டையும் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

*

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குழந்தை சாட்சி சொல்லக்கூடாது என்று இந்தியச் சட்டம் எப்போதும் சொன்னதில்லை. 1872ஆம் வருசத்துச் சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவு எல்லோரும் சாட்சி சொல்லத் தகுதி உள்ளவர்கள் என்றே தொடங்கியது. கேள்வியைப் புரிந்துகொள்ளவோ பொருத்தமாகப் பதில் சொல்லவோ முடியாத அளவுக்கு இளம் வயது தடையாக இருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே விலக்கு. வயது இத்தனை என்று எண் எதுவும் போடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் இதுவே 124ஆம் பிரிவு. எண் மாறியிருக்கிறது, சங்கதி மாறவில்லை.

1950களின் தொடக்கத்தில் இராஜஸ்தானிலிருந்து ஒரு வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. பாலியல் வன்முறைக்கு ஆளான எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியம். சத்தியப்பிரமாணத்தின் புனிதம் அவளுக்குப் புரியாது என்று கீழ்க்கோர்ட்டு நீதிபதி பிரமாணம் எடுக்கவிடாமலே சாட்சியத்தைப் பதிந்திருந்தார். அப்படியானால் அது சாட்சியமே ஆகாது என்பது எதிர்வாதம். உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிரமாணம் இல்லை என்பதால் சாட்சியம் செல்லாமல் போய்விடாது என்றது. 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டமும் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை, உண்மை பேசும் கடமையைப் புரிந்துகொண்டிருந்தாலே போதும், பிரமாணத்தின் தன்மை புரியாவிட்டால் அது வேண்டியதில்லை என்கிறது. 2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், தாயை அப்பா கொன்றதைப் பார்த்த ஏழு வயது மகளின் சாட்சியை ஏற்று, உயர்நீதிமன்றம் விடுதலை செய்தவருக்கு மறுபடி தண்டனையை உறுதி செய்தது உச்சநீதிமன்றம். சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று கிடையாது, சொல்லிக் கொடுத்தார்கள் என்ற வெறும் சந்தேகம் போதாது என்று மீண்டும் எடுத்துச் சொன்னது.

ஆக, முக்கால் நூற்றாண்டாக மேலே ஒரே பதில்தான். பின்னே கீழே ஏன் ஒவ்வொரு பிள்ளையும் அதே கேள்வியில் மாட்டிக்கொள்கிறது?

இதற்குப் பதில் காவல் நிலையத்து எழுத்துமேசையில் இருக்கிறது. நான் வங்கியில் குமாஸ்தா. நாள் முழுக்க மற்றவர்கள் சொல்வதைப் பாரத்தில் எழுதிக்கொள்கிற வேலை. வேலை முடிந்தபின் கவிதை எழுதுகிறவன். அதனால் ஒருத்தர் வாயிலிருந்து வரும் சொல் காகிதத்தில் விழும்போது என்ன ஆகிறது என்பதில் எனக்குக் கவனம் உண்டு. ஒரு பிள்ளை, "அந்தப் பெரியப்பா வந்து எங்கம்மா முடியப் புடிச்சி இழுத்துச்சி, நான் கட்டிலுக்குக் கீழ பூந்துகிட்டேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டு எழுதுவது இப்படி இருக்கும்: "மேற்படி எதிரியானவர் எனது தாயாரின் தலைமுடியைப் பிடித்து இழுத்தும், சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகத் திட்டியும், கொலை மிரட்டல் விடுத்தும் சென்றார்." கட்டிலைக் காணோம். பயத்தைக் காணோம். வழக்குப் பிரிவுக்குத் தேவையான சொற்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. வழக்கு நிற்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில்கூட ஏட்டு அப்படி எழுதியிருக்கலாம்.

இரண்டு மூன்று வருசம் கழித்து அந்தக் காகிதம் பிள்ளையைக் கடிக்கும். குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்: "மேற்படின்னா என்னம்மா? எதிரின்னா யாரு? கொலை மிரட்டல் விடுத்தார்னு நீதான் சொன்னியா?" பிள்ளை விழிக்கும். தெரியாது என்று உண்மையைச் சொல்லும். அவ்வளவுதான், சொல்லிக் கொடுக்கப்பட்ட சாட்சி. சொல்லிக் கொடுத்தது யார்? அரசாங்கத்தின் சொந்த எழுத்துநடை. குழந்தையின் பேச்சை எடுத்துவிட்டுத் தன் பேச்சை வைத்ததும் அதிகாரம்தான், அப்புறம் இது குழந்தையின் பேச்சு இல்லை என்று கண்டுபிடிப்பதும் அதிகாரம்தான்.

இன்னொரு சடங்கும் உண்டு. சாட்சி சொல்லத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க நீதிபதி முதலில் சில கேள்விகள் கேட்பார். பேரென்ன, எத்தனாவது படிக்கிறாய் என்று தொடங்கும். பொய் சொன்னால் சாமி என்ன செய்யும், கோயிலுக்குப் போவாயா என்பது மாதிரியான கேள்விகளும் பழக்கத்தில் உண்டு. ஊர்க்கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளையிடம் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். சாமி கண்ணைக் குத்தும் என்று அந்தப் பிள்ளை சொன்னால் தகுதி உண்டு. எங்களைக் கோயிலுக்குள் விட மாட்டார்கள் என்று சொன்னால்? அது கேட்ட கேள்விக்குப் பொருத்தமான பதில்தானா என்று யார் முடிவு செய்வது?

*

பிள்ளைக்கு விவரம் தெரியுமா தெரியாதா என்பதை அதிகாரம் தன் தேவையைப் பொறுத்தே முடிவு செய்கிறது. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, என் கவுண்டரிலிருந்தே. பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014 மே மாதம் சுற்றறிக்கை விட்டது. 2025இல் விதிகளைத் திருத்தியபோதும் அந்த வயது மாறவில்லை. பத்து வயசுக் கையெழுத்தை நம்பி நாங்கள் பணம் கொடுக்கலாம். பணம் என்று வந்தால் பிள்ளையின் சொல் செல்லுபடியாகும்.

இரண்டு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பதினாறு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, செய்ததன் விளைவைப் புரிந்துகொள்ளும் மனத்திறன் இருந்ததா என்று வாரியம் மதிப்பிட்டு, பெரியவர்களைப்போல வழக்கை நடத்த அனுப்பலாம். குற்றவாளியாக நிறுத்த வேண்டுமென்றால் பிள்ளைக்கு முதிர்ச்சி சீக்கிரம் வந்துவிடுகிறது.

மூன்று, கடல் கடந்த கதை. அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றங்களில் வழக்கறிஞர் வைத்துக் கொடுக்க வேண்டிய கடமை அரசுக்கு இல்லை. மத்திய அமெரிக்காவிலிருந்து தனியாக எல்லை கடந்து வந்த குழந்தைகளும் வக்கீல் கிடைக்காவிட்டால் தனியாகத்தான் நீதிபதி முன் நிற்க வேண்டும். இதை எதிர்த்து நடந்த வழக்கில் அங்குள்ள மூத்த குடிவரவு நீதிபதி ஒருவர், மூன்று வயது நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தான் குடிவரவுச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பதாகவும், நேரம் பிடித்தாலும் அவர்களுக்குப் புரிகிறது என்றும் வாக்குமூலம் கொடுத்தார். 2016இல் அது வெளியே வந்தபோது உலகம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருப்பி அனுப்ப வேண்டிய பிள்ளைக்கு மூன்று வயதிலேயே சட்டம் புரியுமாம். அடித்தவனைக் கை காட்டும் பிள்ளைக்கு எட்டு வயதிலும் எதுவும் தெரியாதாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாங்குநேரிக்கு வாருங்கள். 2023 ஆகஸ்ட் 9. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவன் பள்ளிக்கு வராமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள். சக மாணவர்கள் சாதியின் பேரால் துன்புறுத்துவதைச் சொன்னான். அன்றிரவே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள், படிப்பையும் விடவில்லை. ஆனால் அந்த இரவு நமக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனது. பேசச் சொன்னார்கள், பேசினான். பேசிய பிள்ளைக்கும் வெட்ட வந்தவர்களுக்கும் நடுவில் நிற்க ஆள் இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லாமல் ஒரு பிள்ளையிடம் 'தைரியமாச் சொல்லுப்பா' என்பது அந்தப் பிள்ளையைக் காட்டிக் கொடுப்பதில்தான் முடிகிறது.

வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே. அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கையில் கலர் கயிறு கட்டிவிட்டது யார்? பக்கத்து பெஞ்சுக்காரனின் சாதியைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? இந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, சாதி அடையாளங்கள், பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிச் சொற்கள் எல்லாவற்றையும் அது தொட்டது. ஆதிக்கசாதிப் பிள்ளைக்கு வீட்டிலும் தெருவிலும் சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர் வளர்ப்பு, பண்பாடு, பரம்பரைப் பெருமை. 'என்னை அடிச்சாங்க' என்று நம் பிள்ளை சொன்னால் மட்டும் அது சொல்லிக் கொடுத்த பேச்சு. இந்த நாட்டில் குழந்தைகளுக்கு மிக ஒழுங்காக, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம் சாதி ஒன்றே. அதைச் சொல்லிக் கொடுத்தவர்களை எந்த நீதிமன்றமும் கூண்டில் ஏற்றியதில்லை.

*

அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்விலிருந்தும் மற்றவர்கள் அனுபவத்திலிருந்தும் எழுதிய சிறு நூல் ஒன்று இருக்கிறது, 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அதன் முதல் பகுதி ஒரு குழந்தையின் சாட்சியம். 1901இல், ஏறக்குறைய ஒன்பது வயதில், சாத்தாராவிலிருந்து கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ரயிலில் கிளம்புகிறார்கள் பிள்ளைகள். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. யார் நீங்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கிறார். மஹர் என்று சொன்னதும் அவர் முகம் மாறுகிறது. இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டிக்காரன் கூட உட்கார்ந்து ஓட்ட மாட்டேன் என்கிறான், பிள்ளைகளே ஓட்டுகிறார்கள். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

அந்த ஒன்பது வயசுப் பிள்ளை அன்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்? பிள்ளை சொன்னதும் முகம் மாறியவர்தான் அங்கே இருந்த அதிகாரி. அந்தச் சாட்சியத்தைப் பதிய அந்தப் பிள்ளை வளர்ந்து, உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்துத் திரும்பி, முப்பது வருசத்துக்கும் மேல் கழித்துத் தானே எழுத வேண்டியிருந்தது. அந்த நூல் அச்சானது அவர் மறைந்து பல வருசம் கழித்து, 1990இல். மசூரில் இறங்கிய பிள்ளை அம்பேத்கராக வளர்ந்ததால் நமக்குத் தெரிகிறது. வேறு ஸ்டேஷன்களில் இறங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் சொன்னதை யார் எழுதி வைத்தார்கள்?

சொந்த நாட்டு மக்களின் கதைக்கு அவர் 'விசா' என்று பேர் வைத்ததை நான் அடிக்கடி யோசிப்பேன். சொந்த மண்ணில் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருப்பவர்கள் நாம். நிஜமாகவே காகிதத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் நம் ஊர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம்களில்.

அந்த முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாதா? தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பஞ்சம் துரத்தித் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் பாட்டன் பூட்டன்களின் வாரிசுகள். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பிடுங்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் குழந்தைகளும் உண்டு. இத்தனை பேரும் அவர்களின் இயற்கைப் பெருக்கமும் என்று எழுதினார்கள். இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகள் அந்தக் காகிதத்தில் இயற்கைப் பெருக்கம். கோழிப்பண்ணைக் கணக்குப்போல.

1983க்குப் பிறகு படகேறி வந்தவர்களின் நிலை இன்னொரு மாதிரி. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று சட்டமும் இல்லை. அதனால் புகலிட விசாரணை என்று ஒன்றே அவர்களுக்கு நடந்ததில்லை. வேறு நாடுகளில் புகலிட விசாரணையில் குழந்தையைத் தனியாகக் கேட்கிறார்களா, எப்படிக் கேட்கிறார்கள் என்று சண்டை போடுகிறார்கள். இங்கே கேட்பதற்கு மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. 1987 ஜூலை 1க்குப் பின் இந்தியாவில் பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், அந்த இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை. 2025இல், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குக் குடிவரவுச் சட்டத்தின் தண்டனையிலிருந்து விலக்கு தந்தார்கள். தண்டனை இல்லை, குடியுரிமையும் இல்லை. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பேரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது மாநில அரசு. பேர் மாறியது நல்லதுதான். ஆனால் முகாமிலேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு பள்ளியில் படித்து, கடலைத் தாண்டியே இராத ஒரு பெண்ணிடம், 'நீ எங்கே வாழ ஆசைப்படுகிறாய்' என்று இரண்டு அரசாங்கமும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. திருப்பி அனுப்புவதைப் பற்றியும் வைத்துக்கொள்வதைப் பற்றியும் பெரியவர்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் இன்னும் இயற்கைப் பெருக்கத்தில் இருக்கிறாள்.

*

நம் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. 1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, தன்னைப் பாதிக்கும் எல்லாக் காரியங்களிலும் கருத்துச் சொல்லவும், நீதிமன்ற, நிர்வாக நடவடிக்கைகளில் கேட்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 1992 டிசம்பரில் இந்தியா அதை ஏற்றது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதையே கொள்கையாக எழுதி வைத்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஒரு படி மேலே போய், குழந்தை எப்படிச் சொல்கிறதோ அப்படியே வாக்குமூலத்தை எழுத வேண்டும், குழந்தையின் வீட்டிலேயே பதியலாம், சீருடையில் வரக்கூடாது, வக்கீல் கேள்விகள் நீதிபதி வழியாகவே போக வேண்டும் என்கிறது. மேற்படியும் எதிரியும் அங்கே நுழையக்கூடாது. ஆனால் இது பாலியல் குற்ற வழக்குக்கு மட்டும். குடிசை எரிந்ததைப் பார்த்த பிள்ளைக்கும், அப்பாவை வெட்டியதைப் பார்த்த பிள்ளைக்கும் இந்தச் சலுகை எழுதப்படவில்லை. எழுத வைக்க வேண்டும். இதுவே நாம் எழுப்ப வேண்டிய முதல் கோரிக்கை.

அதுவரை இருப்பதைப் பயன்படுத்துவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவைத் தோழர்கள் வரி வரியாகப் படிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் வயது, பாலினம், கல்வி வாய்ப்பின்மை, வறுமை இவற்றால் எழும் சிறப்புத் தேவைகளை மதித்து நடத்த வேண்டும் என்று அதன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. 'வயது' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு குழந்தைகளுக்காக மனுப் போடலாம். விசாரணையை வீடியோவில் பதியவும், சாட்சிக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் கேட்கவும் அதே பிரிவில் இடமுண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் போன்ற எளிய சாட்சிகளுக்கென்று தனி அறை அமைக்க 2022 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் மாவட்டக் கோர்ட்டில் அந்த அறை எங்கே இருக்கிறது, பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பையனையும், எந்த வயதுப் பெண்ணையும் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 160, புதியதில் 179. மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதியச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பழைய 164, புதிய 183. சீக்கிரம் பதிந்துவிட்டால் 'அப்புறம் சொல்லிக் கொடுத்தார்கள்' என்ற பேச்சுக்குப் பாதி வழி அடைபடும்.

நம் பக்கத்தையும் பேசியாக வேண்டும். குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது நடப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடக்கிறது. எதிரி மிரட்டிச் சொல்லிக் கொடுக்கிறான். வீட்டில் பயந்து 'இதச் சொல்லாத' என்கிறார்கள். நம் தோழர்கள் சிலர் ஆர்வத்தில் பிள்ளைக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். உண்மை அறியும் குழு ஒன்று போனால் ஒருமுறை, அடுத்த கட்சி வந்தால் இன்னொரு முறை, தொலைக்காட்சிக்கு ஒருமுறை, இப்போது ஆளுக்கொரு செல்போனுக்கு ஒருமுறை. பத்தாவது முறை சொல்லும்போது பிள்ளைக்கு அது மனப்பாடச் செய்யுள் ஆகிவிடுகிறது. கோர்ட்டில் அது செய்யுள் மாதிரியே கேட்கும். அந்த வீடியோவையே எதிர்த்தரப்பு கொண்டுவந்து போட்டுக் காட்டும். ஆகவே பிள்ளைக்கு நம்பிக்கையான ஒரே ஆள், ஒரே முறை கேட்டால் போதும். பிள்ளையின் சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பிள்ளை பேச மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், பேசாமல் இருப்பதும் அதன் உரிமை. சாட்சி சொல்லி முடித்த பிள்ளையைக் கூட்டம் முடிந்ததும் மறந்துவிடாமல், அது பள்ளிக்குப் போகிறதா, வழியில் யார் மறிக்கிறார்கள் என்று பாருங்கள். தீர்ப்பு வந்தால், ஜெயித்தாலும் தோற்றாலும், அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்தபின் கடைசியாகக் காற்றுவாக்கில் அதன் காதில் விழக்கூடாது.

வெண்மணியில் 1968இல் 44 பேரை எரித்தபோது அதில் குழந்தைகளே நிறைய. அந்தக் குடிசைக்குள் இருந்தவர்களின் சாட்சியம் நெருப்போடு போனது. வெளியே நின்ற பெரியவர்கள் சொன்னதையே மேல்கோர்ட்டு நம்பவில்லை. பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைப்பார்களா என்று சந்தேகப்பட்டது. நம் சொல்லை நம்பவைக்கும் போராட்டம் அன்றைக்கும் முன்பே தொடங்கியது, இன்னும் முடியவில்லை. அந்தப் போராட்டத்தில் நம் பிள்ளைகளின் சொல்லைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு நாம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால், ஊர் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்கிறோம் என்றாகிவிடும்.

அடுத்த இதழில் சில பக்கங்களைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க முடிவு செய்திருக்கிறோம். சேரிப் பிள்ளைகள், முகாம் பிள்ளைகள், விடுதிப் பிள்ளைகள் எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் சொல்லட்டும், மாணவத் தோழர்கள் அருகில் இருந்து எழுதி அனுப்புங்கள். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், வயது மட்டும் போடுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பேச்சு வழக்கில் இருந்தாலும் வந்தது வந்தபடியே அச்சாகும். ஒரு சொல்லையும் திருத்த மாட்டோம்.